கேள்வி என் பக்கம், பதில் அவர் பக்கம்

1

என் மனைவி எஸ்தர். மகள் பியூலா, வயது எட்டு. மகன் சாம், வயது ஐந்து. பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் சார், வங்கியில் எழுத்தர். அவர் மனைவி கோமு அக்கா. இந்த ஐந்து பேரும் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்கள். முதல் பக்கத்தில் நான் மட்டும்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் கேசட். ஜனவரி கடைசியில் என் கைக்கு வந்தது.

நான் மஸ்கட்டில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். நீல டேங்கர். நீலம் என்றால் குடிநீர். எண்பத்தெட்டில் வந்தேன். வீடு வண்ணார்பேட்டையில், ஆற்றுக்கு இறங்குகிற தெருவில். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தெரு தெரியும். மீதிப் பேருக்கு, பஸ் சத்தம் ஓயாத இடம் என்று சொன்னால் போதும்.

கேசட் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன் பேச வசதி கிடையாது. கடிதம் எழுதினால் நான்கு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. நலம், நலமறிய ஆவல், சாப்பிட்டேன், ஆண்டவர் காப்பார். அவ்வளவுதான். அறையில் கூட இருந்த வர்கீஸ் ஒரு யோசனை சொன்னார். கொல்லத்துக்காரர், கம்பெனி ஆபீசில் வேலை. அவரிடம் ஒரு பொது அறிவுப் புத்தகம் இருந்தது. "பிள்ளைகளிடம் கேள்வி கேளு. பேச விஷயம் கிடைக்கும்" என்றார்.

தொண்ணூற்றொன்றில் தொடங்கினேன். நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டேப்ரிக்கார்டரைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு இருபது கேள்வி கேட்பேன். வர்கீஸ் இங்கிலீஷில் வாசித்து மலையாளத்தில் சொல்வார். நான் அதைத் தமிழில் கேட்பேன். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் மனசுக்குள் பத்து எண்ணுவேன். பிள்ளைகள் யோசிக்க வேண்டும் அல்லவா. கேசட்டை நிறுத்தி வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர்கள் யோசிக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த இடங்களில் எல்லாம் ஏசி இரைச்சல் பதிந்திருக்கும். இருபதும் முடிந்தபிறகு விடையை வரிசையாகச் சொல்வேன்.

கேசட்டைச் சாக்ஸுக்குள் திணித்து, லீவில் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் வீட்டில் போட்டுக் கேட்பார்கள். பதிலை இரண்டாம் பக்கத்தில் பேசி, திரும்பி வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள்.

ஒருமுறை நாங்குநேரிக்காரர் ஒருவர் கொண்டுபோனார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சாக்ஸைப் பிதுக்கிக் கேசட்டை எடுத்துவிட்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். "கேள்வி இருக்கு சார்" என்று இவர் சொன்னாராம். "என்ன கேள்வி?" "தெரியாது சார், என் கேள்வி இல்ல." சந்தேகம் வந்து, போட்டுக் கேட்டிருக்கிறார்கள். உலகத்திலே நீளமான நதி எது என்று என் குரல். ஏசி இரைச்சல். அதிகாரி கொஞ்சம் பொறுத்து "நைல்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

என் கேள்விக்கு அந்த வருஷம் முதலில் பதில் சொன்னது அவர்தான்.

2

முதல் இரண்டு வருஷக் கேசட்டில் எஸ்தரும் பிள்ளைகளும் மட்டும் பேசினார்கள். பாதிக்கு மேல் தெரியாது தெரியாது என்றுதான் இருக்கும். சாம் மழலையில் எல்லாக் கேள்விக்கும் "யானை" என்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாவது கேசட்டில்தான் சார் வந்தார்.

அவரைத் தொண்ணூற்றிரண்டு லீவிலேயே பார்த்திருந்தேன். பக்கத்து மாடி வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தார்கள். டவுணில் ரதவீதிப் பக்கம் பழைய சைவப் பிள்ளை குடும்பம். நெற்றியில் விபூதி. சட்டைப் பையில் இரண்டு பேனா. குழந்தை கிடையாது. தெருக் குழாயடியில் என்னைக் கண்டு, "வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தியோ?" என்று கேட்டார். நான் "நேத்து" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

கேசட்டை வெள்ளிக்கிழமை காலையில் போட்டேன். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பஸ் ஹாரன். பிறகு எஸ்தர், "ஏட்டி, சிவப்பு பட்டன அமுக்கினியா?" என்றாள். "அமுக்கியாச்சும்மா." பிறகு சாம்:

"சார் மாமா, மொதக் கேள்வி, பெரிய தீவு."

"பைய பேசுடே. அப்பா காதுல விழுந்திரும்" என்று ஓர் ஆண் குரல். அடுத்தது குசுகுசு என்று ஒரு சத்தம். அடுத்து சாம் தொண்டை கிழியக் கத்தினான்.

"கிரீன்லாந்து!"

முதல் பக்கத்தில் நான் சொல்லியிருந்த விடை ஆஸ்திரேலியா.

"அண்ணாச்சி தப்பா நினைச்சிரக் கூடாது" என்று சார் பேசினார். "ஆஸ்திரேலியா கண்டம்லா. தீவுன்னா கிரீன்லாந்துதான். கேள்வி நல்ல கேள்வி."

இப்படியே போனது. நான் கேட்டிருந்த இருபதில் பதினேழுக்குப் பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தக் குசுகுசு. சொல்லிக் கொடுப்பது அந்த மனுஷருக்குத் தும்மல் மாதிரி. அடக்க முடியாது. கோமு அக்கா நடுவில் "நீங்க சும்மா இருங்களேன், பிள்ளைங்க சொல்லட்டும்" என்றார். கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மறுபடி குசுகுசு.

பதினெட்டாவது கேள்வி வேதாகமக் கேள்வி. அதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நானே வைத்தேன். இயேசு பாலனைப் பார்க்கக் கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர்? விடை, மூன்று. ஞாயிறு பள்ளியில் மூன்று பேருக்கும் நான் கிரீடம் ஒட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் அதில் ஒருவனாக ஒட்டகத்துக்குப் பதில் ஒரு கழுதையை இழுத்துக்கொண்டும் வந்திருக்கிறேன்.

சார் சொன்னார்: "அண்ணாச்சி, பைபிள்ல எத்தனை பேருன்னு போடல. காணிக்கைதான் மூணு. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். மத்தேயு ரெண்டாம் அதிகாரம். ஆளு ரெண்டு பேராவும் இருக்கலாம், பத்துப் பேராவும் இருக்கலாம்."

அதற்கு எஸ்தர் சிரித்தாள். "ஐயோ சார், அவுக வரட்டும், ஒங்களுக்கு இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. பிறகு பொத்தவும் முடியாமல் சிரித்தாள்.

வர்கீஸை எழுப்பி மத்தேயுவை எடுக்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தோடு வாசித்தார். எண்ணிக்கை போடவில்லை.

அந்தச் சிரிப்பை ஏழு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பத்து வருஷம். எனக்காக அவள் அப்படிச் சிரித்தது ஞாபகத்தில் இல்லை. என்னிடம் அவள் சிரிக்கிற மாதிரி நான் ஒன்றும் சொன்னதும் இல்லை.

தப்பாக எதுவும் நினைக்கவில்லை. கோமு அக்கா பக்கத்தில்தான் இருந்தார். நல்ல மனுஷர், நல்ல குடும்பம். ஆனால் எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

3

விடியுமுன் நான்கு மணிக்கு டேங்கரை நிரப்ப வரிசையில் நிற்க வேண்டும். நிரம்புகிறவரை வேலை கிடையாது. வண்டியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் முன்பெல்லாம் தூங்குவேன். கேசட் வந்தபிறகு கேள்வி யோசித்தேன்.

பிள்ளைகளுக்கான கேள்வி இல்லை. அவருக்கான கேள்வி.

தொண்ணூற்று நான்கில், ஐந்தில், ஆறில் மூன்று கேசட் அனுப்பினேன். வர்கீஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புத்தகத்தில் இருப்பது எல்லாம் அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது இங்கே எனக்கு முன்னால் இருந்தது. ஒரு நீல டேங்கர் எத்தனை காலன் பிடிக்கும்? பச்சை டேங்கரில் போகிற தண்ணீர் எதற்கு? மணலில் டயர் புதைந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? காற்றை இறக்க வேண்டும். இது வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

சார் நான்கு தடவை "தெரியலையே அண்ணாச்சி" என்றார். ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் டேங்கர் லேசாக ஓடியது.

ஆனால் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. சாம் சொன்னது பதிந்திருந்தது: "அப்பா கேள்வி நல்லால்ல. சார் மாமா, நீங்க கேளுங்க."

அதற்குப் பிறகு சார் கேட்டார். அவர்கள் பதில் சொன்னார்கள். என் கேசட்டில், என் பெயரில், அவர் கேள்வி. பரணி ஆறு எங்கே உற்பத்தி, எங்கே கடல். இறக்கை இருந்தும் பறக்காத பறவை எது. சாம் குதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

என் பங்குக்கு அங்கே ஒன்றுதான் மிஞ்சியது. இங்கே எல்லா ஊர்க்காரனோடும் பேசிப் பேசி என் வாயில் 'மாலும்' என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. தெரியுமா என்று பொருள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் என்னை அறியாமல் அதைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அந்த விளையாட்டுக்கே மாலும் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அப்பா மாலும் கேசட் வந்திருக்கு." சாரும் கேள்வி கேட்டு முடித்து, "மாலும்?" என்றார். அதையும் எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கேசட்டில் அவர்கள் பேசியது பதினோரு நிமிஷம். அதற்குப்பின் ரேடியோவில் வந்த பாட்டைப் பதிந்திருந்தார்கள். இடம் வீணாகப் போகக்கூடாது என்று பியூலா சொல்லியிருப்பாள். பாட்டையும் கடைசிவரை கேட்டேன். நடுவில் யாராவது பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நேரே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

4

எனக்கு லீவு எப்போதும் மே மாதம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. டிசம்பரில் வேண்டும் என்றேன். கம்பெனியில் காரணம் கேட்டார்கள். பண்டிகை என்றேன். பண்டிகை இத்தனை வருஷமாக இல்லையா என்றார்கள். இருந்தது என்றேன்.

தாளை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து இடம் மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். பத்தாக்கா, அதாவது எங்கள் வேலை அட்டை, முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, புதுப்பித்துவிட்டு வா என்றார்கள். புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டகத்தில் இருந்தது. பெட்டகச் சாவி வைத்திருப்பவர் லீவில் போயிருந்தார். அவருக்கு டிசம்பரில் லீவு கிடைத்திருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி பாஸ்போர்ட் கைக்கு வந்தது. இருபத்து மூன்றாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாக பஸ் பிடித்து, சாயங்காலம் வண்ணார்பேட்டையில் இறங்கினேன். வரும்போதே பார்த்துக்கொண்டு வந்தேன். தெருமுனையில் பழைய சைக்கிள் கடை இருந்த இடத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கண்ணாடிக்குள் கல்யாணப் படங்கள்.

சட்டைப் பையில் இருபத்தைந்து கேள்வி எழுதி வைத்திருந்தேன். மூன்று மாதம் தேடிச் சேர்த்தவை. ஒன்றுகூட அவருக்குத் தெரியக்கூடாது. என் பிள்ளைகள் முன்னால் அவர் "தெரியலையே அண்ணாச்சி" என்று இருபத்தைந்து தடவை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன். கிறிஸ்துமஸுக்குப் போனேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

5

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்குப் போனோம். வந்து, எஸ்தர் தட்டுகளில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வைத்துத் துணி மூடினாள். பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். சார் வீட்டுத் தட்டுதான் பெரியது. அதைச் சாம் யாரையும் தொட விடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பாய் விரித்தார்கள். சாரும் கோமு அக்காவும் வந்தார்கள். சார் வேட்டி புதுசு. கையில் அல்வாப் பொட்டலம்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் கேசட்டே நேர்ல வந்துட்டு!" என்றார்.

எஸ்தர் சிரித்தாள். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

பியூலா எழுந்து நின்றாள். பன்னிரண்டு வயது. என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு நோட்டு.

"அப்பா, தாள உள்ள வைங்க."

"ஏன்?"

"ஆறு வருஷம் நீங்கதான் கேட்டிய. இந்த வருஷம் நாங்க கேக்கோம். நீங்க சொல்லணும். பத்துக் கேள்வி. எல்லாம் ஊர்க் கேள்வி."

"ஏட்டி, அப்பா இப்பத்தான் வந்திருக்காவ. பாவம்லா" என்றாள் எஸ்தர்.

"ஊர்க் கேள்விதானம்மா. அப்பாவுக்கு ஊரு தெரியாதா?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல. தாளை உள்ளே வைத்தேன்.

என்னைப் பாயின் நடுவில் உட்கார வைத்தார்கள். இடது பக்கம் சார் வந்து உட்கார்ந்தார். "போட்டியாளருக்குத் துணைக்கு ஒரு ஆளு வேணும்லா" என்றார். சாம் எங்களுக்கு எதிரே, கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தான். என் வாயை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"மொதக் கேள்வி. நம்ம ஆறு எந்த மலையில பிறக்கு?"

"பொதிகை."

"சரி. ஒண்ணு. எங்க கடல்ல சேருது?"

"புன்னைக்காயல்."

"ரெண்டு. ஜங்ஷன் பாலம் எத்தனை அடுக்கு?"

"ரெண்டு அடுக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"மூணு!" என்று சாம் குதித்தான். மூன்று மாதம் தேடிய கேள்விகள் தர முடியாத ஒன்றை இந்த மூன்று பதில் தந்துவிட்டது. அவன் எனக்காகக் குதித்தான்.

"நாலாவது. கொற்கையில ஒரு பழைய மரம் கிடக்கு. கெழடாகிச் சாஞ்சு கிடக்கு. அது என்ன மரம்?"

நான் கொற்கைக்குப் போனதில்லை. இதே ஆற்றங்கரையில் பிறந்து, கீழே கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போனதில்லை. மஸ்கட்டுக்குப் போயிருக்கிறேன்.

"நீங்க எப்பம் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"சார் மாமா கூட்டிட்டுப் போனாவ. போன லீவுக்கு."

அப்போது என் இடது காதில் மூச்சு பட்டது. நான்கு வருஷமாகக் கேசட்டில் கேட்ட அதே குசுகுசு. இப்போது என் காதுக்குள்.

"வன்னி" என்றார்.

அவருக்கு அடக்க முடியவில்லை. நல்லதுக்குத்தான் செய்தார். நான் நேரே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆலமரம்."

"தப்பு. வன்னிமரம்" என்றாள் பியூலா. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

6

"அஞ்சாவது. வெள்ளம் வந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? நம்ம வீட்டுல."

"நம்ம வீட்டுலயா?" என்றேன்.

எஸ்தர், "ஏட்டி, அந்தக் கேள்வி வேண்டாம். வேற கேளு" என்றாள்.

எனக்கு வந்த கடிதம் நினைவில் இருந்தது. ஆற்றில் வெள்ளம், நமக்கு ஒன்றும் இல்லை, ஆண்டவர் காத்தார். அடுத்த லீவில் வந்தபோது வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. நான் வருகிறேன் என்று அடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

"எதுவரைக்கும் வந்துச்சு எஸ்தர்?"

"சன்னல் வரைக்கும்" என்றாள். "ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இவுக மாடியிலதான் இருந்தோம். சார் சாமத் தோளுல வச்சுக் கொண்டுபோனாவ. சொன்னா நீங்க வேலைய விட்டுட்டு வந்திருவியன்னு சொல்லல."

"தோள்ல வச்சு, தலையில ரேஷன் கார்டு வச்சு" என்றான் சாம். அவனுக்கு அது நல்ல கதை. எத்தனையோ தடவை கேட்ட கதை. எனக்கு முதல் தடவை.

கோமு அக்கா சொன்னார்: "யாரா இருந்தாலும் செய்வாங்க அண்ணாச்சி."

அந்த இடத்தில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாசிக்கிற நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகன் ஈரத்தோடு இன்னொருவர் தோளில் போனது தெரிந்ததும் எனக்கு நன்றி முதலில் வரவில்லை. அந்தத் தோள்மேல்தான் கண் போனது. புது வேட்டி, வெள்ளைச் சட்டை, சின்னத் தோள். அதுதானா தூக்கியது என்று பார்த்தேன்.

"அஞ்சாவது கேள்விக்கு மார்க் கிடையாது" என்றாள் பியூலா. "அம்மா சொல்லிட்டாவ."

ஆறாவது, காலையில் ஆராதனையில் பிரசங்கம் எந்த வசனம் என்று கேட்டாள். கவனித்திருந்தேன். சொன்னேன். நான்கு ஆனது.

"ஏழாவது. தெருமுனையில சைக்கிள் கடை இருந்த இடத்துல இப்பம் என்ன இருக்கு?"

எனக்குத் தெரியும். முந்தாநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்த்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் காதில் மூச்சு.

"போட்டோ ஸ்டூடியோ."

இனி நான் சொன்னால் அது அவர் சொன்னதாகிவிடும். சாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எத்தனையோ வருஷம் அந்தக் குசுகுசுவில் பதில் வாங்கியவன். அவனுக்கு உதடு அசைவே போதும்.

"பாத்திரக் கடை" என்றேன்.

"அப்பா! நேத்து அந்த வழியாத்தான கடைக்குப் போனோம்!" என்று சாம் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார் மாமா, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாதா? கோமு அத்தை வஞ்சாலும் எங்களுக்குச் சொல்லுவியள்லா?"

சார் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்தமுறை அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எட்டும் ஒன்பதும் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாது என்றேன். காதில் மூச்சு வரவில்லை. அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

"பத்தாவது நான் கேக்கேன்" என்று சாம் எழுந்தான். நோட்டைப் பார்க்கவில்லை. "அப்பா, நான் எந்தக் கையால எழுதுவேன்?"

"லே, இது என்ன பொது அறிவா?" என்றாள் பியூலா. "ஊர்க் கேள்வி கேளுல."

"இது எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், சார் மாமாவுக்குத் தெரியும், தெருவுல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அப்பம் பொதுதான?"

கோமு அக்கா சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான் யோசித்தேன். சாப்பிடுவது வலது கை. அதை எஸ்தர் பழக்கியிருப்பாள். பந்து எறிவதும் வலது. எழுதுவது? என் லீவு எப்போதும் மே மாதம். பள்ளிக்கூடம் மூடியிருக்கும். இப்போதும் மூடியிருந்தது. நோட்டோடும் பென்சிலோடும் அவனை நான் கண்டதில்லை. அவன் எழுதிய கடிதம் ஏழெட்டு என் பெட்டியில் இருக்கிறது. அன்புள்ள அப்பாவுக்கு. கடிதத்தில் எழுத்து வரும். கை வராது.

இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை அவன். எதையாவது சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இதில் தோற்றால் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய் டேங்கரில் உட்கார்ந்து நான் என்ன யோசிப்பேன்?

சார் பக்கம் திரும்பினேன். நானாகத் திரும்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பேனாவை இடது கைக்கு மாற்றினார். மடியில் கிடந்த அல்வாப் பொட்டலத் தாளில் வைத்து ஏதோ எழுதுகிற மாதிரி அசைத்தார். பிறகு மூடிப் பையில் வைத்துக்கொண்டார். சாமுக்குத் தெரியாதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் செய்தார்.

"இடது கை" என்றேன்.

சாம் கத்தினான். பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஒன்பது வயசுப் பையன், கனமாக இருந்தான். "சார் மாமா வாயே திறக்கல! நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்! அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு! எம்மா, அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு!"

அவன் தலைக்கு மேலே சாரைப் பார்த்தேன். அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் அந்தப் பொறாமை எனக்குப் போகவில்லை. முன்னைவிடக் கூடியிருக்கிறது.

பியூலா நோட்டில் கூட்டிப் பார்த்து, எழுந்து நின்று வாசித்தாள்.

பத்துக்கு ஐந்து.